சாட்டைக்குத்தான், அரிவாளுக்கு இல்லை

பானையின் வாயைக் கட்டியிருந்த துணியை அவன் பல்லால் கடித்து அவிழ்த்தான். உள்ளே கல்லுப்பு. இடது கையை விட்டுக் கிளறி எதையோ எடுத்து, என் மேசைமேல் இருந்த தஸ்தாவேஜுகளின் மேலேயே வைத்தான். கருத்து, சுருங்கி, சப்பையாகிப் போன ஏதோ ஒன்று. நகங்களைப் பார்த்த பிறகுதான் அது என்னவென்று எனக்கு விளங்கியது. நாற்காலி பின்னால் விழ எழுந்து நின்றேன்.

"கையிங்க சாமி," என்றான். "என்ற சோத்துக் கையி."

"எடுடா அதை! இதைத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லி எவன்டா உனக்குச் சொன்னது?"

அவன் பயப்படவில்லை. "கோர்ட்டுல காட்டோணுமில்லீங்களா?" என்று கேட்டான்.

சேலத்தில் ஒரு கொலை வழக்கை அவன் கூட்டத்தோடு நின்று பார்த்திருக்கிறான். வெட்டிய அரிவாளில் சீட்டுக் கட்டி, அதற்கு ஒரு நம்பர் போட்டு, ஜட்ஜ் கையில் கொடுத்தார்களாம். அரிவாளைக் காட்டினால்தான் கொலையை நம்புவார்கள் என்றால், கையைக் காட்டினால்தான் கை போனதையும் நம்புவார்கள் என்று அவனாகவே முடிவு கட்டியிருந்தான். அவன் தோளிலிருந்து தொங்கியது முழங்கைக்குக் கீழே ஒரு சாண்கூட இல்லாத மொட்டை. அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "அது கை இல்லாததுங்க. இதுதானுங்களே கையி," என்றான். வெட்டுப்பட்ட உறுப்பைப் புதைத்துவிட வேண்டும் என்று உறவுக்காரர்கள் குழிகூட வெட்டி வைத்தார்களாம். கேசு முடிந்து புதைத்துக்கொள்ளலாம் என்று இவன் பெண்டாட்டியைக் கொண்டு உப்பில் போட்டு வைத்துவிட்டான்.

நான் அப்போது நாமக்கல் முன்சீப் கோர்ட்டில் மூன்று வருஷ வக்கீல். ஆத்தூர்க்காரன். இந்தப் பக்கத்து 'ங்க'வும் மரியாதையும் எனக்கு அவ்வளவு சீக்கிரம் நாக்கில் வரவில்லை, கோபம் மட்டும் உடனே வந்தது. பொய் சொன்ன கட்சிக்காரன் ஒருவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, அவனிடமே மன்னிப்புக் கேட்டு, பீஸையும் திருப்பிக் கொடுத்தவன் நான். அதனால் பெரிய கட்சிக்காரர்கள் என் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பானையோடு வருகிறவர்கள்தான் வந்தார்கள்.

நடந்தது இது. பரமத்திக்கு மேற்கே, வாய்க்கால் பாசனத்தில் கரும்பு போட்டிருந்த ஒரு பண்ணையக்காரரிடம் அவன் ஆள். அவரைப் பண்ணாடி என்றுதான் சொல்வான், கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னான். தை மாதம் ஆலை பூட்டினார்கள். மாடு கட்டி ஓட்டும் இரும்பு உருளை ஆலை. இவன் கீழே உட்கார்ந்து உருளைகளுக்கு இடையே கரும்பு கொடுத்தான். மாடுகளை ஓட்டியவன் இவனுடைய மச்சான். அந்தப் பக்கமெல்லாம் ஒரு வழக்கம்: ஆலை பூட்டிய அன்றைக்கு முதல் கொப்பரைச் சாறு நிறையும்வரை மாட்டை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த வருஷம் வெல்லம் பதம் கூடாது என்று நம்பினார்கள். முதல் கொப்பரை பாதி நிறைந்திருந்தபோது ஒரு கோணல் கரும்பு திரும்பி இவன் விரல்களை உள்ளே இழுத்தது. கத்தினான். மச்சான் மாட்டை நிறுத்திவிட்டான். அந்த நேரத்தில் விரல் மட்டும்தான் போயிருந்தது.

"பண்ணாடி அக்கட்ட கொப்பரெகிட்ட நின்னாருங்க. 'எவன்டா முதக் கொப்பரெயில நிறுத்துனவன்'னு ஓடியாந்தாரு. மச்சாங்கிட்ட இருந்த சாட்டையெப் புடுங்கி மாட்டெ வெளுத்துப் போட்டாருங்க. மாடு எட்டு வெச்சுது. அம்புட்டுத்தானுங்க, முழங்கைக்குக் கிட்ட வரைக்கும் உள்ளெ போயிருச்சு."

"நீ கத்தினது அவருக்குக் கேக்கலையா?"

"ஆத்துக்கு அக்கட்ட கேட்டிருக்குமுங்க."

மாடு பின்னால் நடக்காது, உருளையும் பின்னால் சுற்றாது. இன்னொரு எட்டு வைத்தால் தோள் போயிருக்கும். அப்போது பண்ணாடி சாட்டையைப் போட்டுவிட்டு, கரும்பு கழிக்கும் அரிவாளை எடுத்து, முழங்கைக்குக் கீழே இரண்டே வெட்டில் கையைத் துண்டாக்கினார். கரும்புக்கட்டுக் கயிற்றை எடுத்து மொட்டையை இறுக்கிக் கட்டியதும் அவர்தான். வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அவர்தான். அந்த முடிச்சு இல்லாவிட்டால் வழியிலேயே செத்திருப்பான் என்று டாக்டரே சொன்னாராம். கை ஆலையின் மறுபக்கம் சக்கையோடு சக்கையாக வந்து விழுந்திருந்தது. அதன்பிறகு பண்ணாடி ஒரு படி தானியம்கூடக் கொடுக்கவில்லை. கை இல்லாத ஆளுக்குப் பண்ணையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

அன்று அவனுக்குச் சொன்னதை இன்றைக்கு யார் அடிபட்டு வந்து கேட்டாலும் சொல்வேன். பானை வேண்டாம், டாக்டர் எழுதிக் கொடுத்த காயச் சான்றிதழ் வேண்டும். பார்த்தவர்கள் மனம் மாறுவதற்குள் அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மில்லிலும் பாக்டரியிலும் கை போனால் நஷ்டஈட்டுக்குத் தனிச் சட்டம் அப்போதே வந்திருந்தது, ஆனால் காட்டில் மாடு சுற்றும் ஆலைக்கு அது செல்லாது. ஆகையால் முன்சீப் கோர்ட்டில் சாதாரண வழக்குத்தான் போட வேண்டும், அதுவும் ஒரு வருஷத்துக்குள். கோர்ட் ஸ்டாம்புக்குக் காசு இல்லையென்றால் ஏழை என்று மனுப் போட்டு ஸ்டாம்பு இல்லாமலே நடத்தலாம். இன்னொன்றும் சொன்னேன். கூட வேலை செய்த ஆளின் தவறால் அடிபட்டால் முதலாளியைப் பிடிப்பது கஷ்டம். முதலாளியே தன் கையால் சாட்டையைப் பிடித்தார் என்று மச்சான் வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

"அப்ப அரிவாளுக்குங்க?" என்றேன் என்று நினைக்க வேண்டாம், கேட்டது என் குமாஸ்தா. கை வெட்டுக்கும் சேர்த்துக் கேட்கலாமே என்பது அவர் யோசனை. அவன் உடனே மறுத்துவிட்டான்.

"வெட்டுனது உசுரக் காப்பாத்தறதுக்குங்க. அரிவாளுக்கு நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன். சாட்டைக்குத்தானுங்க கேக்கறேன்."

சட்டப் புத்தகத்தில் நான் தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டியதை அவன் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டான். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

வழக்கு போட்டோம். பண்ணாடி கொடுத்த பதிலில் இவன் கள்ளுக் குடித்துவிட்டு ஆலையில் உட்கார்ந்தான், தன் குற்றத்தால் கையைக் கொடுத்தான், தாம் உயிரைக் காப்பாற்றிய புண்ணியவான் என்று எழுதியிருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது அவன் முகம் செத்துப்போனது. ஆலை பூட்டிய அன்றைக்கு அவன் தைப்பூசத்துக்கு மாலை போட்டு, ஒரு வேளைச் சோறு தின்று விரதம் இருந்தவன்.

ஒரு மாதம் கழித்துப் பண்ணாடியின் ஆட்கள் நாலு பேர் பகல் வேளையிலேயே அவன் குடிசைக்குப் போனார்கள். அவனை மொட்டைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்கள். ஆறாத புண் வாய் பிளந்து ரத்தம் கொட்டியது. கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அடுப்பு, சட்டி ஒன்று விடாமல் மிதித்து உடைத்தார்கள். உப்புப் பானையைத் தெருவில் எறிந்தார்கள். நாய்கள் வந்தன. அவன் ஒரு கையால் கல்லை எடுத்து எறிந்துகொண்டே பின்னால் ஓடியிருக்கிறான். ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு கரும்புக்காட்டுக்குள் போய்விட்டது. மச்சானைப் பண்ணையிலேயே தூணில் கட்டி, அதே சாட்டையால், முதுகில் தோல் உரியும்வரை அடித்தார்கள்.

அடிக்காமல் விட்டிருந்தால் மச்சான் சாட்சிக்கு வந்திருக்க மாட்டான். பண்ணையில் பிழைக்கிற ஆள், பயந்தவன், 'எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க' என்று சொல்லத் தயாராக இருந்தான். மறுநாள் மேல்துணி போட முடியாமல் என் வாசலில் வந்து நின்றான். "சொல்றனுங்க. எல்லாத்தையும் சொல்றனுங்க," என்றான்.

அடுத்த வாய்தாவுக்குப் பண்ணாடி கோர்ட் வராந்தாவில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். நாங்கள் மூன்று பேரும் படியேறினோம். அவர் இவனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன்டா, உன்ற கையி நாயி வயித்துக்குப் போயிருச்சாமே? இனி ஜட்ஜுகிட்ட நாயெக் கூட்டிக்கிட்டு வந்து காட்டு."

என் கையில் குடை இருந்தது. மூங்கில் காம்பு, பித்தளைப் பிடி. நான் யோசித்து அடித்தேன் என்று சொன்னால் பொய். முதல் அடி காதோரம் விழுந்தது. இரண்டாவது அடியில் புருவம் கிழிந்தது. மூன்றாவது அடிக்குக் குடை முறிந்தது, முறிந்த காம்பாலும் குத்தப் போனேன். வெற்றிலைச் சாறும் ரத்தமும் அவர் சட்டையெல்லாம் வழிந்தன. நாலு வக்கீல்கள் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். என் கட்சிக்காரன் மட்டும் கிட்டே வரவில்லை. மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பண்ணாடி நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயச் சான்றிதழ் வாங்கிவிட்டார். நான் என் கட்சிக்காரனுக்குச் சொன்ன புத்திமதியை யாரோ அவருக்கும் சொல்லியிருந்தார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் குற்றவாளி. அபராதம் கட்டினேன், முன்சீப்பின் முன்னால் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். வக்கீல் சன்னதே பறிபோய்த் தொழில் நின்றிருக்கும், மயிரிழையில் தப்பினேன். வீட்டில் என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் புதுக் குடை வாங்கித் தரமாட்டேன், மழைக்கு நனைந்துகொண்டு போங்கள் என்றாள்.

வெல்லம் விலை அந்த வருஷங்களில் தரையில் கிடந்தது. பண்ணாடி ஊரெல்லாம் கடன் வாங்கியிருந்தார். ஒரு நாள் அவருக்கு வட்டிக்குக் கொடுத்தவர்கள் பத்துப் பேர் யோசனை கேட்டு வந்து என் வீட்டு வாசலில் நின்று வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். அவர் சேலம் ஜில்லா கோர்ட்டில் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார். அதாவது, இருப்பதையெல்லாம் கோர்ட் எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளட்டும், என்னால் கடனைத் தீர்க்க முடியாது என்று திவால் மனு. நிலம், வீடு எல்லாம் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு இத்தனை அணா என்று கிடைக்கும். பிறகு கோர்ட் விடுதலை கொடுத்துவிட்டால் மிச்சக் கடனை யாரும் கேட்க முடியாது.

இவனும் ஓடி வந்தான். "ஏனுங்க, பண்ணாடி மஞ்சக் கடுதாசி குடுத்துப் போட்டாராமே. என்ற கேசு என்னாகுமுங்க?"

நான், சட்டம் படித்த நான், "போச்சுடா, எல்லாம் போச்சு," என்றேன். உன் வழக்கு முடிந்து தொகை தீர்மானமாகியிருந்தால் நீயும் வரிசையில் நின்றிருக்கலாம், தீர்ப்பே ஆகாத நஷ்டஈட்டைத் திவால் கோர்ட்டில் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள், உனக்கு ஒரு அணாகூடக் கிடைக்காது என்று சொன்னேன். அவன் அங்கேயே, சாலை ஓரத்தில், மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. இடது கையால் மண்ணை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து வேறு வழக்குக்காகத் திவால் சட்டத்தைப் புரட்டியபோது என் மண்டையில் நானே அடித்துக்கொண்டேன். நான் சொன்னதில் பாதிதான் சரி. இவன் கேட்கிற நஷ்டஈடு திவால் கணக்கில் வராது என்பது உண்மை. ஆனால் கணக்கில் வராத ஒன்றைத் திவால் கழுவிவிடவும் முடியாது! விடுதலை உத்தரவு, கணக்கில் வரக்கூடிய கடனை மட்டும்தான் அழிக்கும். செட்டிமார் கடன், கூட்டுறவுக் கடன், மைத்துனன் கடன் எல்லாம் அழியும். கை மட்டும் அழியாது. வழக்கை நிறுத்தவும் திவாலுக்கு அதிகாரம் இல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, வெயிலில், புதுக் குடை இல்லாமல், அவன் ஊருக்கு வண்டி பிடித்தேன். என் தொழிலில் நான் வண்டிக்கூலி கொடுத்துக் கட்சிக்காரனைத் தேடிப் போனது அந்த ஒரு தடவைதான்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. மச்சான் கூண்டில் ஏறி, கேட்கும் முன்னாலேயே திரும்பி முதுகைக் காட்டினான். நான் பண்ணாடியிடம் ஒரே கேள்விதான் அழுத்திக் கேட்டேன்: அன்றைக்கு இவன் கழுத்தில் என்ன இருந்தது? அவர் முன்சீப்பைப் பார்த்தார். பிறகு, "மாலெ," என்றார். பழனிக்கு மாலை போட்டவன் கள்ளுக் குடித்தான் என்று அந்த ஜில்லாவில் எந்த முன்சீப்பும் எழுத மாட்டார். கடைசியில் முன்சீப்பே இவனைக் கேட்டார்: "அவர் வெட்டியிராவிட்டால் நீ செத்திருப்பாயல்லவா?"

"ஆமாங்க. அதுக்கு அவரெக் கும்புடறனுங்க. அரிவாளுக்கு இல்லீங்க சாமி. சாட்டைக்கு."

தீர்ப்பு நம் பக்கம். ஆனால் சொத்தெல்லாம் ரிசீவரிடம், பிடுங்க எதுவும் இல்லை. அப்போதைய சட்டப்படி மிச்சம் இருந்த வழி ஒன்றுதான்: ஆளையே பிடித்துச் சிவில் சிறையில் வைப்பது. மற்றக் கடனுக்கெல்லாம் திவால் அவருக்குப் பாதுகாப்பு, இந்த ஒன்றுக்கு இல்லை. அதிலும் ஒரு கூத்து உண்டு. சிறையில் அவர் தின்னும் சோற்றுக்கு வழக்குப் போட்டவன்தான் பணம் கட்ட வேண்டும். அவன் ஆட்டை விற்று அதைக் கட்டினான். வாரண்டோடு கோர்ட் அமீனாவும், ஆளை அடையாளம் காட்ட இவனும், வேடிக்கை பார்க்க நானும் போனோம். வேடிக்கை என்று சொல்வது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதற்குத்தான் போனேன்.

வீட்டை ரிசீவர் பூட்டிவிட்டதால் பண்ணாடி அதே ஆலைக் கொட்டகையில் இருந்தார். ஆலை துருப்பிடித்து நின்றது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். என் குடை கிழித்த புருவத்தில் தழும்பு. அமீனா வாரண்டை நீட்டியதும் அவர் அதைப் பார்க்கவேயில்லை. கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினார். அமீனா வெளியே ஓடினார். பண்ணாடி அரிவாளை இவன் காலடியில் எறிந்துவிட்டு, ஆலையின் அடிக்கட்டைமேல் தன் வலது கையை நீட்டி வைத்தார்.

"ஜெயிலுக்கு நான் வரமாட்டேன்டா. எங்கிட்ட வேறொண்ணும் இல்லெ. உன்ற கைக்கு என்ற கையெ எடுத்துக்க. வெட்டுடா. வெட்டிப்போட்டுப் போ."

அவன் குனிந்து இடது கையால் அரிவாளை எடுத்தான்.  கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பண்ணாடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அங்கே கோர்ட்டின் அதிகாரி மாதிரி நின்றிருந்தேன். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "வெட்டுடா," என்றேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னேன். எனக்கு அந்தக் கை துண்டாக விழுவதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்த ஆசை இன்னும் என் நாக்கில் கசக்கிறது.

அரிவாள் தலைக்குமேல் போனது. கீழே இறங்கி, கைக்கு ஒரு சாண் தள்ளி, கட்டையில் பாய்ந்து நின்றது. பண்ணாடி அலறிவிட்டார். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"ஏனுங்க வக்கீல் சாமி, நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடிங்க? கையெ வெட்டிப் போட்டா அப்பறமேலு அவரு எதெ வெச்சுச் சம்பாரிச்சு எனக்குக் குடுப்பாரு?"

வெளியே ஓடியிருந்த அமீனாவைப் போய்க் கூட்டி வந்தேன்.

அங்கேயே ராஜி பேசினோம். சிறை வேண்டாம், ஒவ்வொரு ஆலைப் பருவத்திலும் கூலிக்குப் போய்ச் சம்பாதிப்பதில் பாதியைப் பண்ணாடி இவனுக்குக் கொடுக்க வேண்டும். கோர்ட்டில் எழுதிப் பதிவு செய்தேன். கூலிக்காரனின் பாதிக் கூலியைத் தேடி எந்த ரிசீவரும் வரவில்லை. பண்ணாடி தன்னைத் தெரிந்தவர்கள் இல்லாத இடமாகப் பார்த்து, பள்ளிபாளையத்துப் பக்கம் ஒரு ஆலையில் சேர்ந்துகொண்டார். கரும்பு கொடுக்கிற இடத்துக்குக் கூலி கூடுதல், யாரும் லேசில் உட்கார மாட்டார்கள். அங்கேதான் அவரை உட்கார வைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, தை மாதம், ஈரோட்டுக்குப் போகிற வழியில் அந்த ஆலைக்குப் போனேன். மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. பண்ணாடி கீழே உட்கார்ந்து கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, இரண்டு முழத்தில், அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மாட்டின் மூக்கணாங்கயிற்றிலிருந்து ஒரு நீளக் கயிறு கட்டி, அதன் நுனியை இடது கையில் சுற்றி வைத்திருந்தான். ஆலை பூட்டிய நாளிலிருந்து அங்கேயே தங்கி, தினமும் வந்து உட்கார்ந்துவிடுகிறானாம். கூலி கிடையாது. யாரும் அவனைக் கூப்பிடவும் இல்லை.

"இங்கே என்னடா பண்றே?" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் உருளையிலேயே இருந்தது. "பாத்துக்கறனுங்க சாமி. கண்ணசந்தாப் போச்சுங்களே. அந்தக் கையி ரெண்டும் என்ற கையிங்க."

"முதல் கொப்பரையிலேயே மாட்டை நிறுத்திட்டியாமே? ஆலைக்காரர் சொல்லித் திட்டினார்."

"ரெண்டு வாட்டி நிறுத்திப் போட்டனுங்க. வெல்லம் நல்லாத்தான் வந்துது."

 பண்ணாடி அடுத்த கரும்பை எடுத்தார், உருளைக்கு நீட்டும் முன் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "உம், குடுங்க பண்ணாடி," என்றான்.